தெரிந்தே நீட்டிய கை

பென்சிலின் வகை மருந்து எனக்கு ஒத்துக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கு நர்ஸிடம் கையை நீட்டினேன். சாக வேண்டும் என்று நீட்டவில்லை. பின்னே எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல இன்றைக்கும் எனக்கு வரவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பஷீர். வயது நாற்பது. மதுரை முனிச்சாலைப் பக்கம் எங்களுக்குக் குழாய்ச் சாமான் கடை. எங்களுக்கு என்றால் அண்ணன் ஜமாலுக்கும் எனக்கும். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அத்தா மௌத்தாகிவிட்டார். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் அம்மாவும் போய்விட்டார். அப்போது எனக்கு இளைப்பு உண்டு. நெஞ்சு இழுக்கத் தொடங்கினால் அண்ணன் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு மிதிப்பார். எனக்கு மூச்சு வாங்குவதைவிட அவருக்கு அதிகமாக வாங்கும். வளர வளர இளைப்பு தானாகவே விட்டுவிட்டது. ஆனால் எதற்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கிற பழக்கம் என்னை விடவில்லை. அது ஒரு பழக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னை 'ஜமால் தம்பி, தங்கமான பையன்' என்பார்கள். நாற்பது வயதிலும் பையன்தான்.

ஒருநாள் கடையில் குழாய்களை அடுக்கி வைக்கும் சாரத்திலிருந்து சரிந்த இரும்புக் குழாய் ஒன்று, மரை வெட்டிய முனை கீழே இருக்க, என் காலில் விழுந்தது. கணுக்காலுக்கு மேலே நல்ல வெட்டு. டாக்டரிடம் போகலாம் என்றாள் என் மனைவி பரீதா. மருந்து தடவினால் ஆறிவிடும் என்றார் அண்ணன். தடவினேன். இரண்டு மூன்று நாளில் கால் முழங்கால் வரைக்கும் வீங்கிச் சிவந்து, தொட்டால் அடுப்பில் வைத்த பாத்திரம்போலச் சுட்டது. குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. பதறிப்போன அண்ணன் ஆட்டோவைக் கூப்பிட்டு, ரிங் ரோட்டுப் பக்கமுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோனார்.

செல்லுலைட்டிஸ் என்றார்கள். வெட்டுக்காயம் வழியாகக் கிருமி நுழைந்து, தோலுக்கு அடியிலிருக்கும் சதைப்பற்றில் பரவிவிடுவது. மாத்திரைக்கு அடங்காது, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், படுக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வார்டில் ஊசி போட வந்த நர்ஸ் உசிலம்பட்டிப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது பென்சிலின் வகை என்று சொல்லி, எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போயிருக்கிறதா என்று கேட்டாள்.

அண்ணன்தான் பதில் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சிஸ்டர். சின்னதுலருந்து நாந்தான பாக்குறேன்."

அவள் அதோடு விடவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. மாத்திர, ஊசி எதுக்காச்சும் தடிப்பு, அரிப்பு, மூச்சு முட்டுறது வந்திருக்கா?"

வந்திருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அண்ணன் ஹஜ்ஜுக்குப் போயிருந்தபோது எனக்குப் பல்வலி. பரீதா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த மாத்திரையை விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வெள்ளரிக்காய்போல வீங்கிவிட்டது. பல் டாக்டர் பயந்துபோய் மாற்று ஊசி போட்டு, பென்சிலின் சம்பந்தப்பட்ட எதுவும் இனி உங்களுக்கு ஆகாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று எங்கள் இருவரிடமும் அழுத்திச் சொன்னார். அண்ணன் ஊர் திரும்பியதும், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் பரீதாவைத் தடுத்தேன். தான் இல்லாத நேரத்தில் எனக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மனம் நோவார் என்று நினைத்தேன்.

ஆக, அந்த அறையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. 'நாந்தான பாக்குறேன்' என்று அண்ணன் சொல்லி முடித்த வாய் இன்னும் மூடவில்லை. இல்லண்ணே, உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு என்று ஒரு வெளியாள் முன்னால் நான் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றேன்.

முதலில் தோலுக்கு அடியில் துளி மருந்து வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சோதனை எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு உண்டான நிம்மதியைச் சொன்னால் சிரிப்பீர்கள். பார்த்தியா, அண்ணன் சொன்னதுதான் சரியாப் போச்சு என்று நினைத்தேன். என் உதடு வீங்கியதை நானே கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதைவிட அண்ணன் சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது.

மருந்து ஏறத் தொடங்கியது. முதலில் உள்ளங்கை அரித்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் ஜன்னல் பக்கம் நின்று கம்பெனிக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தேன். நான் எழுதியதை நானே நம்ப முடியாமல் இன்னொரு முறை படிக்கிறேன். ஆனால் அதுதான் நடந்தது. காது சூடேறியது, நாக்கு தடித்தது, நான் அவர் போன் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

கதவு வரை போன நர்ஸ் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். உதடு ஒட்டவில்லை. அவள் ஓடிவந்து குழாயை மூடிவிட்டுக் கத்திய கத்தலில் அண்ணன் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. அதற்கப்புறம் தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்ததுபோல இருந்தது. இளைப்பு வந்த பிள்ளைக்கு மூச்சு முட்டுவது புதிதில்லை. ஆனால் இது வேறு. இதில் இழுக்கவே காற்று இல்லை.

கண் விழித்தது ஐ.சி.யூ.வில். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். இதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர். ஒரு மருந்தை எதிரியாக நினைத்து உடம்பு மொத்தமாகக் கிளர்ந்துவிடுவது. ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும், சில நிமிடத்தில் ஆளே போய்விடலாம். தொடையில் அட்ரினலின் போட்டுத்தான் என்னை மீட்டிருக்கிறார்கள். அந்த நர்ஸ் கதவைத் தாண்டிப் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை.

பெரிய டாக்டர் கடுங்கோபத்தில் இருந்தார். கேட்டுத்தானே போட்டார்கள், ஏன் இல்லை என்றீர்கள் என்று அண்ணனிடம் சத்தம் போட்டார். "சத்தியமாத் தெரியாது டாக்டர். ரப்பு மேல ஆணையாத் தெரியாது" என்று அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, எங்கள் மகளை மதினியிடம் விட்டுவிட்டு பரீதா உள்ளே ஓடிவந்தாள். என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டாள். சொன்னார்கள்.

"பென்சிலினா? அவருக்குத்தான் அது ஆகாதே! பல்லு புடுங்கப் போனப்ப என்ன பாடு பட்டாரு! யாரும் கேக்கலையா? அவர்ட்ட கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரே, அவருக்கே தெரியுமே!"

அண்ணன், டாக்டர், மானிட்டர் பக்கத்தில் நின்ற நர்ஸ் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். பரீதா மட்டும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

டாக்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன்.

அவருடைய கோபம் அப்படியே வடிந்துவிட்டது. பிறகு, "வீட்ல ஏதும் பிரச்சினையா தம்பி?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பரீதா கொண்டுவந்த பையிலிருந்த பழம் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு ஆயாம்மாவை என்னைப் பார்த்தபடியே உட்கார வைத்தார்கள். அப்போதுதான் உறைத்தது. நான் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தேன் என்று இவர்கள் நினைக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கி அழுவது தெரிந்தது. அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அவர் என் முன்னால் அழவில்லை.

மறுநாள் மனநல டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவசரமே இல்லாதவர்போல நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாகணும்னு தோணுச்சா?"

"இல்ல மேடம். எனக்கு ஒரு குறையும் இல்ல."

"அந்த மருந்து ஏறுனா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப, கைய நீட்டுறப்ப மனசுல என்ன ஓடுச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

"மாத்திச் சொன்னா அண்ணன் வருத்தப்படுவாருன்னு."

"நீங்க செத்துப்போனா வருத்தப்பட மாட்டாரா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பு குறைவானாலும் நான் மக்கு இல்லை. எந்த அளவுக் குழாய்க்கு எந்த மூட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஆனால் இந்தச் சின்னக் கணக்கு என் மண்டையில் ஓடவே இல்லை. ஊசி போட்டபோது வராத பயம் அப்போது வந்தது.

தற்கொலை எண்ணம் இல்லை என்று அவர் உறுதி செய்துகொண்ட பிறகு ஆயாம்மா எழுந்து போனார். மருந்தை மாற்றி, சாதாரண வார்டுக்கு என்னை அனுப்பினார்கள். டாக்டரம்மா வருவது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணனையும் பரீதாவையும் வெளியே அனுப்பிவிடுவார். கேட்பதெல்லாம் அற்பமான கேள்விகள் மாதிரி இருக்கும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அதை யார் முடிவு செய்தது? இந்தச் சட்டையை யார் எடுத்தது? கடையில் நீங்களாகவே முடிவெடுத்துச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். விளையாட்டுக்குக்கூட ஒன்று அகப்படவில்லை.

"அண்ணன் ஹஜ்ஜுக்குப் போனப்ப கடைய யாரு பாத்தா?"

"கொட்டாம்பட்டியிலருந்து மாமனாரக் கூப்பிட்டு உக்கார வச்சுக்கிட்டேன்."

"அவருக்கு இந்த வியாபாரம் தெரியுமா?"

"தெரியாது மேடம். அவரு விவசாயி. ஆனாலும் கொடுக்கவா வேணாமான்னு அவர்ட்ட கேட்டுக் கேட்டுத்தான் கொடுத்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கும் வந்தது. அடுத்த நொடியே ஏதோ ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்ததுபோல இருந்தது.

இந்த ஆராய்ச்சி ஒரே நாளில் முடியவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கிறவன் யாராக இருந்தாலும் அடுத்தவரைத்தான் சார்ந்து இருப்பான், அதை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்றார். அதனால் காலில் அடிபடுவதற்கு முந்தைய என் வாழ்க்கையைப் பற்றியே கேட்டார். மனச்சோர்வு இருக்கிறதா, படபடப்பு நோய் இருக்கிறதா, தைராய்டு கோளாறா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார். பரீதாவிடம் தனியாகப் பேசினார், அண்ணனிடம் தனியாகப் பேசினார். சைக்காலஜிஸ்ட் ஒருவர் வந்து, ஆம் இல்லை என்று குறிக்க வேண்டிய நிறையக் கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நான் பரீதாவிடம் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டி, இதுக்கு என்ன போடட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் தாளை வாங்கிக்கொண்டார். "இதுவே போதும்ணே" என்றார்.

கடைசியில் மூன்று பேரையும் சேர்த்து உட்கார வைத்து டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். டிபெண்டன்ட் பர்சனாலிட்டி டிஸார்டர். தமிழில் சார்பு ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். தன்னைத் தாங்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் இளவயதிலிருந்தே ஒருவனுடைய சுபாவமாக ஊறிப்போவது. சின்ன முடிவைக்கூடத் தானாக எடுக்க முடியாது. தன் பொறுப்பையெல்லாம் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவான். அந்த ஆதரவு போய்விடுமோ என்று எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டான். தாங்குகிறவர் இல்லாமல் போனால் உடனே இன்னொருவரைத் தேடுவான். எனக்கு இவ்வளவும் பொருந்தியது. மாமனார் விஷயம் உட்பட.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என் தம்பி இதுவரைக்கும் என்னை எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. நல்ல தம்பியா இருக்கிறது ஒரு வியாதியா மேடம்? அப்ப எங்க தெருவுல பாதிப் பேரு வியாதிக்காரன்தான்."

"மூத்தவங்கட்ட கேட்டுச் செய்யறது நம்மூர்ல மரியாதை. அதை நான் வியாதின்னு சொல்லல" என்றார் டாக்டரம்மா. "கேக்கறவனுக்கு மனசுல ஒரு யோசனை இருக்கும். பெரியவங்க தப்பாச் சொன்னா, கோச்சுக்காதீங்க, இது இப்படின்னு சொல்லத் தெரியும். உங்க தம்பிக்கு உயிர் போற நேரத்துலயும் சொல்ல வரலயே. நீங்க நல்ல அண்ணன்தான். ஆனா நீங்க தப்புப் பண்ணா உங்களைத் தடுக்கறதுக்குப் பக்கத்துல ஆள் இல்ல."

அடுத்துப் பேசியது பரீதா. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அஞ்சு நிமிஷம் தனியாப் பேச விட்டாங்க மேடம். என்னைப் புடிச்சிருக்கான்னு கேட்டேன். அண்ணன்ட்ட கேட்டுச் சொல்றேன்னாரு. வெக்கத்துல சொல்றாருன்னு நெனச்சு ரொம்ப நாள் சிரிச்சுக்கிட்டுக் கிடந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்ப வரைக்கும் அதுக்குப் பதில் வரல" என்றாள்.

பன்னிரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். அப்படி ஒரு கேள்வி அவளிடம் பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. புடிச்சிருந்துச்சு, அப்பவே புடிச்சிருந்துச்சு என்று சொல்ல நினைத்தேன். கண் என்னை மீறி அண்ணன் பக்கம் போனது. பரீதா அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

இதற்கு நடுவே கால் சரியாகவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஸ்கேன் எடுத்ததில் உள்ளே சீழ் கோத்திருப்பது தெரிந்தது. கீறி எடுத்தால்தான் தீரும், இன்றைக்கே செய்துவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். இங்கே ஏற்கெனவே உயிர் போகப் பார்த்தது, இனி இந்த இடத்தில் கத்தி வைக்க விடமாட்டேன், கோயம்புத்தூரில் தெரிந்தவர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கொண்டுபோகிறேன் என்றார் அண்ணன். அவ்வளவு தூரம் இந்தக் காலோடு எப்படிப் போவது என்றாள் பரீதா. வழக்கம்போல இரண்டு பேரும் பேசி முடிக்கட்டும் என்று நான் படுத்திருந்தேன்.

டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருக்க வேண்டும். சர்ஜன் இருவரையும் கையமர்த்திவிட்டு என்னிடம் வந்தார். "கால் உங்களோடது. ஆபரேஷனுக்கு நீங்கதான் சம்மதம் சொல்லணும். இங்க வேணாம்னாலும் சரி, நானே ஏற்பாடு பண்ணி அனுப்புறேன். நீங்க சொல்லுங்க."

உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்ங்க என்றேன். அது பதில் இல்லை என்றார். அண்ணனைப் பார்த்தேன், பரீதாவைப் பார்த்தேன். பரீதா வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்ஜன் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். அப்படி ஒரு மனிதர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

காலில் தெறிப்பு ஏறிக்கொண்டே இருந்தது. வண்டியில் அத்தனை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போவதை நினைத்தேன். போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றுகிறது என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

"இங்கயே பண்ணிருங்க" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

அண்ணன் தலையில் வைத்திருந்த தொப்பியை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறையைவிட்டுப் போனார். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வராந்தாவில் தேடினேன். இல்லை.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துக் கீறினார்கள். நல்லபடியாக முடிந்தது. காய்ச்சல் இறங்கியது. ஆனால் அண்ணன் மறுநாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. மதினி மட்டும் சோறு கொடுத்தனுப்பினார். அந்த நேரத்து நிலையை எப்படிச் சொல்வது? சந்தைக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளைக்கு எப்படி இருக்குமோ அப்படி. சாப்பாடு இறங்கவில்லை. மன்னிச்சுக்கங்கண்ணே, நீங்க சொல்ற இடத்துக்கே போவோம் என்று வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்த பிறகு! காலில் கட்டோடு படுத்துக்கொண்டு, கோயம்புத்தூருக்குப் போகலாம் என்கிறேன்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன்.

"அண்ணன் வராமலே போயிட்டா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டார்.

"நான் இருக்க மாட்டேன் மேடம்."

"நேத்திலருந்து அவரு வரல. இருக்கீங்களே."

ஆறுதலாக அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது, நாளைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று நீங்களே யோசித்து, யாரையும் கேட்காமல் கேன்டீன்காரரிடம் சொல்லுங்கள் என்றார். சிரிக்க வேண்டாம். அந்த இட்லியா பொங்கலா என்ற கேள்வியில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பொங்கல் என்றேன். பொங்கல் குழைந்து போயிருந்தது. இட்லி சொல்லியிருக்கலாம் என்று வருத்தப்பட்டேன். உலகம் ஒன்றும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அண்ணன் வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். தொடவில்லை.

"நீ எதுத்துச் சொன்னேன்னு கோவம் இல்லடா. நான் வேற ஒண்ண நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். "நான் சொன்னேன்னு சாவுறதுக்கே சரின்னு சொல்லியிருக்க. அப்ப இத்தன வருஷமா சரிண்ணே, சரிண்ணேன்னு சொன்னதுல எதெது நெசம்? எது உனக்குப் புடிக்காமச் சொன்னது? எனக்குத் தூக்கமே இல்ல."

"எல்லாம் நெசந்தாண்ணே."

"பாத்தியா, இப்பயும் அதையேதான் சொல்ற." குரல் உடைந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் செஞ்சதுல உனக்குப் புடிக்காதது ஒண்ணு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

பரீதா பிளாஸ்க்கை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் வந்தது.

"பாப்பாவுக்கு வச்ச பேரு எனக்குப் புடிக்கல."

என் மகளுக்கு ஜைத்தூன் என்று பெயர் வைத்தது அண்ணன். அது எங்கள் அம்மாவின் பெயர். பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து அவர் சொன்னார், நான் சரிண்ணே என்றேன். அம்மா பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் அந்த மரணவீடு திரும்பி வரும். அதனால்தான் நான் பிள்ளையைப் பாப்பா என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். இதையெல்லாம் அந்த நிமிடம்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் கண் கலங்கியிருந்தது. ஆனால் நான் இத்தனை காலமாகப் பயந்த அந்த முகம் வரவில்லை.

"சரி" என்றார். "பின்ன என்ன பேரு வைக்கணும்னு நெனச்ச?"

நான் யோசித்தேன். ஒன்றும் இல்லை. ஒரு பெயர்கூட இல்லை. பிடிக்கவில்லை என்பது வரைக்கும்தான் எனக்குள் போக விட்டிருக்கிறேன், எது பிடிக்கும் என்ற இடத்துக்குள் நான் காலே வைத்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு பெயர்கூட நினைத்துப் பார்க்காத தகப்பன். வெறும் வீட்டைத் திறந்து பார்த்ததுபோல இருந்தது.

"தெரியலண்ணே" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. இந்தக் கோளாறைக் கரைக்கிற மாத்திரை கிடையாது. வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேச வேண்டும், சின்னச் சின்னதாக முடிவெடுத்துப் பழக வேண்டும். ரொம்ப மெதுவாகத்தான் நகர்கிறது. நடுவில் எதற்கெடுத்தாலும் டாக்டரம்மாவுக்கே போன் போட ஆரம்பித்துவிட்டேன். "இப்ப என்னை உங்க அண்ணனாக்கிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே அதையும் குறைத்துவிட்டார். கடையில் அண்ணன் இப்போது எதையாவது சொல்லிவிட்டு, நீ என்ன சொல்ற என்று நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பரீதாவுக்கு அந்தப் பழைய பதிலைச் சொன்னேன். ஒழுங்காக, அவள் முகத்தைப் பார்த்து. இத்தனை வருஷம் கழிச்சு வந்த பதிலை என்ன செய்யறது என்று கேட்டாள். அவள் இன்னும் முழுதாக என்னை மன்னிக்கவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

போன வாரம் வண்டியில் வரும்போது, கேட்காமலேயே மனதுக்குள் ஒரு பெயர் வந்தது. நிலோஃபர். எனக்குப் பிடித்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் எனக்குப் பிடித்திருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன்.

"பாப்பா, உனக்கு நான் பேரு வச்சிருந்தா நிலோஃபர்னு வச்சிருப்பேன். நல்லாருக்கா?"

அவள் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "ஐய்யே, வேணாம் அத்தா. எங்க கிளாஸ்லயே ரெண்டு நிலோஃபர் இருக்கு. ஜைத்தூன் நான் மட்டும்தான். எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு மீன் வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.

ஒன்பது வயது. என் முகம் என்ன ஆகிறது என்று அவள் பார்க்கக்கூட இல்லை. அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பரீதா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்தா, ஜைத்தூன்" என்று மீனை எடுத்து வைத்தேன்.